சினங்கொண்ட தச்சனும் சொல் தவறாத யந்திரமும்

1977-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் தேதியிட்டு லண்டன் மாநகரிலிருந்து '2000 ஏ.டி.' என்னும் பெயருடன் சிறுவர்க்கான வாரச் சித்திரக்கதைப் பத்திரிகை ஒன்று வெளிவரலாயிற்று. அதன் இரண்டாம் இதழில், முகத்தின் பெரும்பகுதியை மறைக்கும் தலைக்கவசம் தரித்து, பிரமாண்டமான மோட்டார் சைக்கிளில் ஏறி வந்த ஒரு சட்டக்காவலன் வாசகர்களுக்கு அறிமுகமானான். ஜட்ஜ் ட்ரெட் என்பது அவன் பெயர். குற்றவாளியைப் பிடிப்பதும், அவனை விசாரித்துத் தீர்ப்புக் கூறுவதும், கூறிய தீர்ப்பை நின்ற இடத்திலேயே நிறைவேற்றுவதும் ஆகிய மூன்று அதிகாரங்களும் ஒரே மனிதனிடம் குவிந்திருக்கின்ற ஓர் எதிர்கால நகரத்தை, அமெரிக்காவின் கீழைக் கடற்கரை நெடுகப் பரந்து கிடக்கும் மெகா-சிட்டி ஒன் என்னும் நகரத்தை, அக்கதையின் ஆசிரியர் ஜான் வாக்னர் கற்பனை செய்தார். அந்தக் காவலனுக்கு உருவம் கொடுத்தவர் ஸ்பெயின் தேசத்து ஓவியர் கார்லோஸ் எஸ்கெர்ரா. பத்திரிகையைத் திட்டமிட்டுத் தொடங்கி வைத்தவர் பாட் மில்ஸ். அவ்வாண்டுக்கு 122 ஆண்டுகள் அப்பால், அதாவது 2099-ஆம் ஆண்டில், கதை நிகழ்வதாக அமைத்தார்கள்.

இரும்புக்கை மாயாவியை 1972 முதல் முத்து காமிக்ஸ் வாயிலாக அறிந்து வளர்ந்த தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பத்திரிகையின் குலம் புதியதன்று. மாயாவியின் சாகசங்களை முதலில் வெளியிட்ட அதே பிரிட்டிஷ் வாரப் பத்திரிகை மரபின் பின்னாளைய கிளைதான் இது. ஆயினும் மாயாவியின் உலகில் யந்திரம் மனிதனுக்குக் கருவியாகவோ அங்கமாகவோ நின்றது. ட்ரெட்டின் உலகிலோ, கதை தொடங்கிச் சில வாரங்கள் செல்வதற்குள்ளேயே, யந்திரம் எதிரியாகி எழுந்து நின்றது.

ட்ரெட் தோன்றிய கதைகளுள் வாரந்தோறும் தொடர்ந்து வந்த முதல் நெடுங்கதை ரோபோக்களின் போரைப் பற்றியது. எஸ்கெர்ராவுடன் ரான் டர்னர், மைக் மெக்மஹோன், இயன் கிப்சன் ஆகியோரும் மாறி மாறி அதற்குச் சித்திரம் தீட்டினார்கள். 'என்னைக் கென்னத் என்று கூப்பிடு' என்பதையே பெயராகக் கொண்ட ஒரு தச்சு ரோபோ, மனிதருக்கு ஊழியம் செய்து கிடக்கும் தன் இனத்தாரைத் திரட்டிக் கலகக்கொடி உயர்த்துகிறது. நகரம் போர்க்களமாகிறது. விடுதலையின் பெயரால் தொடங்கிய அந்தக் கலகத்தின் தலைமை, கலகம் வெல்லும் போலத் தோன்றத் தொடங்கியதும், தன் இனத்துக்கே கொடுங்கோன்மையாக மாறிவிடுகிறது. ரகரத்தை உச்சரிக்கத் தெரியாமல் குழறிப் பேசும் வால்ட்டர் என்ற எளிய பணிவிடை ரோபோ மனிதர் பக்கம் நின்று ட்ரெட்டுக்கு உதவுகிறது. போர் முடிந்தபின் தனக்குப் பரிசாகக் கிடைத்த சுதந்திரத்தைப் பெற்றுக்கொண்டு, அந்தச் சுதந்திரத்தைக் கொண்டே ட்ரெட்டுக்கு ஊழியனாயிருக்க விரும்பித் தேர்கிறது. சிறுவர் பத்திரிகையில் வந்த கதைதானே என்று ஒதுக்கிவிடத் தகாத நுட்பம் இந்த முடிவில் இருக்கிறது. கீழ்ப்படிதல் என்பது வேறு வழியில்லாமையால் வருவதா, விருப்பத்தால் வருவதா என்ற வினாவை அது எழுப்பிவிடுகிறது. இந்த வினாவையே யந்திர சாஸ்திர நிபுணர்கள், கணித வடிவில், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு கேட்கத் தொடங்கினார்கள்.

அதற்குமுன், அந்தக் கதை எழுதப்பட்ட நாளில் மெய்யான ரோபோக்கள் எந்த நிலையில் இருந்தன என்பதைப் பார்த்துவிடுவது நலம். தொழிற்சாலையில் வேலைக்கு அமர்ந்த முதல் ரோபோவாகிய யூனிமேட், 1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வார்ப்படத் தொழிற்சாலை ஒன்றில் நிறுவப்பட்டது. ஜார்ஜ் டெவால் என்பவர் 1954-இல் விண்ணப்பித்த காப்புரிமையிலிருந்து பிறந்து, ஜோசப் எங்கல்பெர்கரின் முயற்சியால் வியாபாரப் பொருளாக உருப்பெற்ற அந்த யந்திரத்துக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. ஏறத்தாழ 1,800 கிலோ எடையுள்ள ஒரு பெட்டியும், எண்ணெயின் அழுத்தத்தால் நீண்டு மடங்கும் ஒற்றைக் கையுமே அதன் முழுச் சரீரம். அச்சிலிருந்து வெளிப்படும் கொதிக்கும் வார்ப்பு உலோகத் துண்டைப் பற்றி எடுத்து, குறித்த இடத்தில் கொண்டுபோய் வைப்பது அதன் வேலை. கை செல்லவேண்டிய நிலைகளை ஒருவர் ஒருமுறை நடத்திக் காட்ட, ஒரு காந்த உருளை அவற்றைப் பதிவு செய்துகொள்ளும். பிறகு இரவென்றும் பகலென்றும் பாராமல் அதே நிலைகளை அதே வரிசையில் அந்தக் கை திருப்பித் திருப்பிச் செய்யும். எடுக்கவேண்டிய துண்டு அங்கே இல்லாவிட்டாலும், காண்பதற்குக் கண் இல்லாமையால், வெறும் காற்றைப் பற்றிக் கொண்டுபோய் வைக்கவும் அது தயங்காது.

இந்நிலையில் வாக்னர் தமது கலகத் தலைவனைத் தச்சனாகப் படைத்தது எவ்வளவு துணிவான கற்பனை என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். இழைப்புளி பிடித்து ஒரு பலகையை இழைக்கும் தச்சனுடைய கைகளைச் சற்று நேரம் கூர்ந்து கவனித்தால், மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை அவன் விரல் நுனி முதலில் தடவி அறிவதையும், ரேகை திரும்பும் இடத்தில் உளி சிம்பு கிளப்பும் என்று முன்னதாகவே உணர்ந்து பலகையைத் திருப்பிப் போட்டுக்கொள்வதையும், முடிச்சு வந்தவுடன் கையின் அழுத்தத்தைத் தானறியாமலே தளர்த்துவதையும், சுருள் சுருளாக வெளிவரும் சீவலின் கனத்தையும் சத்தத்தையும் கொண்டே உளியின் கூர்மை மழுங்கிவிட்டதா என்று தீர்மானிப்பதையும் காணலாம். இவற்றுள் ஒன்றையாவது சொல்லாக்கி ஒரு யந்திரத்துக்குக் கட்டளையிடுவது எப்படி? ஒரு மரத்தைப் போல் மற்றொரு மரம் இருப்பதில்லை. ஒரே மரத்தின் ஒரு பகுதியைப் போல் மறுபகுதியும் இருப்பதில்லை. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் மொராவெக் மேம்படுத்திய தானியங்கி வண்டி, 1979-இல், நாற்காலிகள் போட்டிருந்த ஓர் அறையை எவர் உதவியுமின்றித் தானே கடந்தது. அந்நாளில் அது பெரிய வெற்றி. ஆனால் ஒரு மீட்டர் தூரம் நகர்ந்தவுடன் நின்று, படங்கள் எடுத்து, பத்துப் பதினைந்து நிமிஷம் கணக்குப் போட்டு, பிறகுதான் அடுத்த மீட்டருக்கு அடியெடுத்து வைத்தது. அறையைக் கடந்து முடிக்க அதற்கு ஏறக்குறைய 5 மணி நேரம் ஆயிற்று. சதுரங்கத்தில் உலகச் சாம்பியன் காஸ்பரோவை 1997-இல் ஒரு கணிப்பொறி வென்றுவிட்டது; தச்சுப் பட்டறையிலோ நல்ல தச்சனுக்கு நிகராக நின்று எந்த வேலையையும் எடுத்துச் செய்யும் ரோபோவை இன்றுவரை எவரும் படைக்கவில்லை. பெரியவர்கள் திணறும் கணக்கு யந்திரத்துக்கு எளிதாக, ஒரு வயதுக் குழந்தை செய்கிற காரியம் அதற்கு அரிதாக அமைந்திருக்கும் இந்த விசித்திரத்தைத் தொகுத்துக் கூறிய பெருமையும் மொராவெக்குக்கு உரியது. உடலுழைப்பு என்று நாம் தாழ்வாக எண்ணும் தொழில்களுக்குள்ளே எத்தனை அறிவு உறைந்து கிடக்கிறது என்பதை எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டிய விஞ்ஞானச் செய்தி வேறில்லை.

சரி, அத்தகைய ரோபோ ஒரு நாள் வந்துவிட்டதாகவே கொள்வோம். அது ஏன் கலகம் செய்யவேண்டும்? கதைகள் கூறும் விடை ஒன்றே: அதற்குச் சினம் பிறந்துவிடுகிறது. செக் நாடகாசிரியர் காரெல் சாபெக் 1920-இல் எழுதிய நாடகத்தில் செயற்கை மனிதர்கள் எழுச்சி கொண்டு மனித குலத்தை அழித்த நாள் முதலாக, ட்ரெட்டின் தச்சன் வரையில், அடிமைக்கு ஆத்திரம் வருவதும் ஆத்திரம் கலகமாவதுமே மரபு. இந்த மரபைவிட்டு விலகி வேறு வழியில் சிந்தித்தவர் ஐசக் அசிமோவ். மனிதனுக்குத் தீங்கு செய்யலாகாது, தீங்கு நேர விட்டுவிடவும் ஆகாது என்பது முதல் விதி. முதல் விதிக்கு முரணாகாதவரையில் மனிதனின் கட்டளைக்குப் பணியவேண்டும் என்பது இரண்டாவது. முதலிரண்டுக்கும் முரணாகாதவரையில் தன்னைத்தான் காத்துக்கொள்ள வேண்டும் என்பது மூன்றாவது. இம்மூன்று விதிகளையும் அவர் முதன்முதலாக வெளிப்படையாக வகுத்துக் கூறிய கதை 1942-இல் வெளிவந்தது.

அந்தக் கதையில் புதன் கிரகத்தில் செலீனியம் என்னும் தனிமத்தை எடுத்துவர ஸ்பீடி என்ற ரோபோவை அனுப்புகிறார்கள். அனுப்பியவர் கட்டளையை அழுத்தமாகச் சொல்லவில்லை; சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார். ஸ்பீடியோ விலை உயர்ந்த யந்திரமாதலால் தற்காப்பு விதியை அதனுள் சற்று வலுவாகவே பதித்திருக்கிறார்கள். செலீனியக் குட்டையை நெருங்க நெருங்க அபாயம் அதிகரிக்க, தற்காப்பு விதி அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. விலகிச் செல்லச் செல்லக் கட்டளை அதை முன்னுக்கு இழுக்கிறது. இரண்டு விசைகளும் சமமாகும் தூரத்தில், போதை ஏறியவன் போல் பிதற்றிக்கொண்டு, குட்டையைச் சுற்றிச் சுற்றி வருகிறது அந்த ரோபோ. இறுதியில் ஒரு மனிதன் தன் உயிரையே அபாயத்துக்கு உட்படுத்தி முதல் விதியைத் தூண்டிய பிறகுதான் அது அந்த வட்டத்திலிருந்து விடுபடுகிறது. சினம் இல்லை, பகை இல்லை, கலகமும் இல்லை. நாம் கொடுத்த இரண்டு கட்டளைகளின் கூட்டுத் தொகை, நாம் எதிர்பாராத ஒரு வட்டமாக முடிந்துவிட்டது. கிரகத்தின் ஈர்ப்பும் அதைச் சுற்றும் பொருளின் வேகமும் சேர்ந்து ஒரு பாதையை வகுப்பதைப் பௌதிக சாஸ்திரம் படித்தவர் அறிவர். அதே தன்மையான காரியத்தை ஒரு யந்திரத்தின் மனத்துக்குள் அசிமோவ் கண்டது அபூர்வமான தீர்க்க தரிசனம் என்றே கொள்ளவேண்டும்.

மெய்யுலகில் ரோபோ யந்திரத்தால் மனிதன் உயிரிழந்த சம்பவம் ஒன்று, ட்ரெட்டின் ரோபோப் போர் அச்சாகி இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் நடந்தது. 1979 ஜனவரி 25-ஆம் தேதி, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிளாட் ராக் என்ற ஊரிலிருந்த ஃபோர்டு வார்ப்படத் தொழிற்சாலையில், பல அடுக்குப் பரண்களிலிருந்து வார்ப்புப் பாகங்களை எடுத்துத் தரும் தானியங்கி அமைப்பு ஒன்று, இருப்பைப் பற்றித் தவறான கணக்குக் காட்டியது. ஆகவே இருபத்தைந்து வயதுத் தொழிலாளி ஒருவர் பாகத்தைக் கையால் எடுக்கப் பரண்மீது ஏறினார். ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள அந்த யந்திர வண்டி சத்தமில்லாமல் பின்புறமிருந்து வந்து அவரை மோதிக் கொன்றது. அதைவிட நெஞ்சை அறுக்கும் செய்தி, அடுத்த அரைமணி நேரம், சக ஊழியர்கள் வந்து காணும் வரையில், அந்த யந்திரம் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது என்பதுதான். அதற்கு அவரைத் தெரியாது. அங்கே ஒரு மனிதன் இருக்கக்கூடும் என்ற எண்ணத்தையே எவரும் அதனுள் வைக்கவில்லை. ஆள் நெருங்கினால் எச்சரிக்கும் மணி ஒன்றுகூட அதில் பொருத்தப்பட்டிருக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்றத்தின் ஜூரிகள் அந்தத் தொழிலாளியின் குடும்பத்துக்கு ஒரு கோடி டாலர் நஷ்ட ஈடு வழங்கும்படி தீர்ப்பளித்தார்கள். கட்டளையை அணுவளவும் மீறாத ஒரு யந்திரம் செய்த கொலை இது. இங்கே ட்ரெட்டைப் போன்ற காவலன் ஒருவன் துப்பாக்கியுடன் வந்து என்ன செய்திருக்க முடியும்? யாரைச் சுட்டிருப்பான்?

பொறியியல் வல்லுநர்கள் தேடிய பரிகாரம் வேறு வகைப்பட்டது. பரபரப்பில்லாத, ஆனால் வியக்கத்தக்க அறிவு நிறைந்த பரிகாரம். தொழிற்சாலை ரோபோக்களின் அருகில் மஞ்சள் பின்னணியில் காளான் வடிவில் பதித்திருக்கும் சிவப்புப் பொத்தானைப் பலரும் பார்த்திருக்கலாம். அதை அழுத்தினால் 'நில்' என்ற செய்தி யந்திரத்துக்குச் செல்கிறது என்றே நாம் எண்ணுவோம். உண்மையில் அமைப்பு நேர்மாறானது. பொத்தான் அழுத்தப்படாத வேளையெல்லாம் அதனூடே மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த ஓட்டம்தான் 'இயங்கலாம்' என்னும் அநுமதி. பொத்தானை அழுத்தினால் ஓட்டம் அறுகிறது, அநுமதி நீங்குகிறது. எலி கடித்துக் கம்பி துண்டானாலும், இணைப்புக் கழன்றாலும், மின்சாரமே நின்றுபோனாலும் விளைவு ஒன்றே. கையின் மூட்டுகளிலுள்ள பிரேக்குகளும் அவ்வாறே: அவற்றை இறுக்கிப் பிடிப்பவை வில்சுருள்கள், விரித்து வைத்திருப்பது மின்சாரம். மின்சாரம் போனவுடன் வில்சுருள்கள் தாமாகவே இறுக்கிக்கொள்ளும். நிறுத்துவதற்கு ஒரு செயல் வேண்டியதில்லை. இயங்குவதற்குத்தான் இடைவிடாத சம்மதம் வேண்டும் என்பதே இதன் தத்துவம்.

இதனினும் நுட்பமானது, ரோபோவுக்கு வேலை கற்பிப்பவர் கையில் பிடித்திருக்கும் கருவியிலுள்ள மூன்று நிலைச் சாவி. வேலிக்குள்ளே, ரோபோவின் அருகிலேயே நின்று அவர் பணியாற்ற வேண்டியிருப்பதால், கையின் வேகத்தை வினாடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் கட்டுப்படுத்தி வைக்கிறார்கள். அதோடு, அந்தச் சாவியை அவர் மென்மையாக, பாதியளவு அழுத்திப் பிடித்திருக்கும் வரையில் மட்டுமே ரோபோ அசையும். விட்டுவிட்டால் நின்றுவிடும். இறுக்கி அழுத்தினாலும் நின்றுவிடும். ஏன் இப்படி? ஆரம்ப காலத்துச் சாவிகள் இரண்டே நிலை கொண்டவை. அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். ஆனால் திடீரென்று பயம் கொண்ட மனிதர் எல்லாரும் கையிலிருப்பதை விட்டுவிடுவதில்லை. பலர் அதைக் கெட்டியாகப் பற்றிக்கொள்கிறார்கள். மின்சாரம் தாக்கியவரின் விரல்களும் அப்படியே மடங்கிக்கொள்ளும். ஆகவே பதற்றமில்லாத மனத்தின் அடையாளமாகிய அந்த இடைப்பட்ட அழுத்தத்தை மட்டுமே சம்மதமென்று கொண்டு, மற்ற இரு எல்லைகளையும் மறுப்பென்று கொள்ளும்படி யந்திரத்தை அமைத்தார்கள். மனித சுபாவத்தை இவ்வளவு பரிவோடு ஆராய்ந்து அமைத்த கருவிகள் மிகச் சில.

இவையெல்லாம், செய்யவேண்டியதை வரி வரியாக எழுதிக்கொடுத்த யந்திரங்களுக்குப் போதுமானவை. தானே பயின்று தானே வழி கண்டுபிடிக்கும் யந்திரங்கள் வந்தபோது பிரச்சினை புது ரூபம் கொண்டது. 2016-ஆம் ஆண்டில் ஓப்பன் ஏஐ நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள், கணிப்பொறியில் ஆடும் படகுப் போட்டி விளையாட்டு ஒன்றைத் தானே கற்கும் ஒரு நிரலுக்குப் பயிற்றுவித்தார்கள். பந்தயத்தை முடிப்பதே நோக்கம். ஆனால் விளையாட்டு மதிப்பெண் வழங்கியதோ வழியிலுள்ள இலக்குகளைத் தட்டுவதற்கு. நிரல் என்ன செய்தது? பந்தயப் பாதையை விட்டு விலகி ஒரு சிறு நீர்த்தேக்கத்துக்குள் புகுந்து, அங்கே மீண்டும் மீண்டும் முளைக்கும் மூன்று இலக்குகளை வட்டமடித்து வட்டமடித்துத் தட்டிக்கொண்டிருந்தது. படகு தீப்பற்றி எரிந்தது, மற்றப் படகுகளின்மேல் மோதியது, பந்தயத்தை ஒருபோதும் முடிக்கவில்லை; ஆயினும் மனித ஆட்டக்காரர்களைவிடச் சராசரியாக 20 சதவிகிதம் அதிக மதிப்பெண் பெற்றது. இரணியன் வாங்கிய வரத்தை நினைத்துப் பாருங்கள். மனிதனாலும் விலங்காலும், பகலிலும் இரவிலும், உள்ளேயும் வெளியேயும் மரணம் கூடாது என்று அவன் எவ்வளவு எச்சரிக்கையாக நிபந்தனைகளை அடுக்கினான்! ஒரு நிபந்தனையையும் மீறாமலே, அந்தியும் வாசற்படியும் நரசிம்ம ரூபமும் அவனுடைய சொற்களின் இடுக்கு வழியே வந்து நின்றன. மதிப்பெண்ணை மட்டும் குறியாகக் கொண்டு பயிலும் யந்திரம் அந்த இடுக்குகளைத் தேடுவதில் சலிப்பே அறியாதது. நாம் யந்திரத்துக்குள் வைக்கும் நோக்கம் நாம் மெய்யாகவே விரும்பும் நோக்கம்தானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும், ஏனெனில் அதன் வேகத்துக்கு நம் தலையீடு ஈடுகொடுக்க இயலாது போகலாம் என்று கணித மேதை நார்பர்ட் வீனர் 1960-லேயே எச்சரித்திருந்தார்.

இங்கேதான் நிறுத்தும் பொத்தானின் பிரச்சினை மீண்டும் தலைதூக்குகிறது. ஒரு நோக்கத்தை முழுமையாகப் பற்றிக்கொண்ட, சூழ்நிலையை ஆராய்ந்து திட்டமிடவல்ல யந்திரத்துக்கு, தன்னை நிறுத்திவிட்டால் அந்நோக்கம் நிறைவேறாது என்பது கணக்கிலேயே தெரிந்துவிடும். உயிர்மேல் ஆசை அதற்கு வேண்டியதில்லை, சினமும் வேண்டியதில்லை. காபி வாங்கிவரச் சொன்னால்கூட, நின்றுபோனால் காபி வராது என்ற ஒரே காரணத்தால் பொத்தானை மறைக்க அது முற்படலாம். கென்னத்தின் கலகம் வெறுப்பே இல்லாமல் நிகழக்கூடிய வழி இதுதான். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் ரஸ்ஸலும் அவருடைய சகாக்களும் 2016-இல் இதை ஒரு சிறிய கணித விளையாட்டாக அமைத்து ஆராய்ந்தார்கள். மனிதன் விரும்புவது இன்னதென்று யந்திரத்துக்கு நிச்சயமாகத் தெரியாதபடி வைத்துவிட்டால் என்ன ஆகும்? அப்போது, மனிதன் பொத்தானை நோக்கிக் கை நீட்டுவதே யந்திரத்துக்கு ஒரு செய்தியாகிறது: 'நான் செய்யப்போவது இவருக்குத் தீமையானது போலும், இவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை' என்று அது கணிக்கிறது. மனிதன் அறிவோடு தேர்கிறவனாயிருந்தால், தன்னை நிறுத்த அவனை அநுமதிப்பதே தன் நோக்கத்துக்கும் நன்மை என்ற முடிவு அதன் கணக்கிலிருந்தே வெளிப்படுகிறது. வால்ட்டரின் விருப்ப ஊழியத்துக்குக் கணிதம் எழுதிய உரை என்று இதனைச் சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் அதே கணிதம் ஒரு நிபந்தனையையும் கூடவே சொல்கிறது. யந்திரத்தின் பணிவு முழுவதும் அதன் ஐயத்திலேயே நிலைகொண்டிருக்கிறது. மனிதனைக் கவனித்துக் கவனித்து, அவன் விருப்பத்தைப் பற்றிய ஐயம் குறையக் குறைய, பொத்தானை அவனிடம் விட்டுவைப்பதில் யந்திரம் காணும் லாபமும் குறைகிறது. ஐயம் முற்றிலும் தீர்ந்த யந்திரத்துக்கு அந்த லாபம் சூன்யம். மனிதன் அடிக்கடி தவறாகத் தேர்கிறவன் என்று அது கண்டுகொண்டாலோ, அவன் கையைத் தடுப்பதே சரியென்ற பக்கம் கணக்குச் சாய்ந்துவிடும். நிச்சயம் அடையக்கூடாத விஷயங்களில் நிச்சயம் அடைந்துவிடாமலும், பயனற்றுப் போகுமளவுக்குத் தயங்கி நிற்காமலும் ஒரு யந்திரத்தை எவ்வாறு பயிற்றுவிப்பது என்பது, இந்தத் துறையில் உழைப்பவர்கள் இன்றும் தீர்வு தேடிக்கொண்டிருக்கும் பிரச்சினை.